பலகையில் அவள் வரிசை

அன்று ஜெபவீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சிரம்பானிலிருந்து பஸ்ஸில் வந்த போதகர். மண்டோர். மண்டோரின் மனைவி. என்னோடு முனிசிபல் ரோட்டு வேலை செய்த ஓர் ஆள், கல்யாணமாகாதவன். பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மா. அவர் இந்து, குடை பிடித்துக்கொண்டு கூட வந்தவர். பெஞ்சுகளில் சபையின் மற்றக் குடும்பங்கள். வாசலோரம் தனி நாற்காலியில் என் மனைவி. அவள் நாற்காலிக்குப் பின்னால் நான்.

சுவரில் சாய்த்து ஒரு பலகையும் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் குடியிருந்தோம். சிட்டிக் கம்பத்துக்குப் பின்புறம் ஒரு பலகை வீட்டு வரிசை. சிட்டிகள் என்றால் மலாக்காவில் பல தலைமுறையாக இருக்கும் இந்துக்கள், கம்பம் என்றால் கிராமம். ஒரே கூரை, ஆறு கதவு. நான்காவது கதவு மண்டோருடையது, ஐந்தாவது எங்களுடையது. நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

மண்டோர் என்றால் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குபவர். தோட்டத்தை விற்ற பிறகு அவர் டவுனுக்கு வந்து ஒரு மரக்கடையில் ஜாகா வேலை பார்த்தார், காவல் வேலை. ஆனாலும் நாங்கள் மண்டோர் என்றே கூப்பிட்டோம். அவரும் அப்படித்தான் நடந்தார். எங்கள் சிறிய சபைக்கு அவர்தான் மூப்பர். ஞாயிறு ஆராதனை அவர் வீட்டு முன்கூடத்தில் நடக்கும். போதகர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற வாரங்களில் மண்டோர் வேதம் வாசிப்பார், பாட்டு நடத்துவார், ஜெபம் செய்வார்.

நான் தோட்டத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவன். அப்பா எடுத்தார், எனக்கும் கொடுத்தார்கள். என் மனைவி அப்படி இல்லை. அவள் வீட்டார் சாமி கும்பிட்டவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவளை நான் வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடும் பழக்கம் எனக்கு இல்லை.

கல்யாணமாகி நாலாம் வருடம் அவளுக்குச் சயரோகம் கண்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். நல்ல காற்று வேண்டும், தனிக் கட்டில் வேண்டும், தனித் தட்டு வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் ஜன்னல் ஒன்றுதான், அது பலகைச் சுவரோரம் இருந்தது. அங்கே கட்டில் போட்டேன்.

அந்தக் கட்டிலில் படுத்தபடி அவள் இரண்டு வருடம் ஆராதனை கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நான் பெஞ்சில் தூங்கி வழிவேன். இந்தப் பக்கம் அவள் விழித்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு முதலில் தெரியாது. ஒரு ஞாயிறு வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னாள், "இன்னைக்கு மண்டோர் மாமா ரெண்டு வரி விட்டுட்டாரு." அவளுக்கு வாசிக்கத் தெரியாது. போன தடவை அதே இடத்தை அவர் வாசித்தபோது கேட்டது ஞாபகம் இருந்திருக்கிறது.

பிறகு ஒரு நாள் கஞ்சி குடித்துவிட்டு, "எனக்கு ஞானஸ்நானம் வேணும்" என்றாள். சரி என்றேன். போய் மண்டோரிடம் சொன்னேன்.

பலகை அங்கே வருகிறது.

அந்த வருடம் நாங்கள் சொந்தமாக ஒரு ஜெபவீடு கட்டிக்கொண்டிருந்தோம். வெள்ளைக்காரன் போய் நாடு நமக்கே சொந்தமாகப் போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சு. நமக்கு மட்டும் எத்தனை நாளைக்கு வாடகைக் கூடம் என்று மண்டோர் கேட்டார். சிட்டி அம்மா வீட்டார் தங்கள் பின்புறத்து நிலத்தில் ஒரு துண்டு கொடுத்தார்கள். அவர்கள் கும்பிடுவது தமிழ்ச் சாமிகளை, வீட்டில் பேசுவது மலாய். என்ன கட்டப் போகிறோம் என்று மண்டோர் மலாயில் விளக்கப் பார்த்தார். சிட்டி அம்மாவின் கணவர் பாதியிலேயே, "ரூமா துஹான்" என்றார். கடவுள் வீடு. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மரம், மண்டோர் வேலை பார்த்த கடையிலிருந்து வந்தது. கூலி ஆள் கிடையாது. எல்லாம் நாங்களே. அதற்கு மண்டோர் ஒரு முறை வைத்தார். தோட்டத்து முறை.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். ஆட்கள் வரிசையாக நிற்க வேண்டும், பேர் கூப்பிடுவார்கள். நின்றவனுக்கு அன்று பேர் உண்டு. முழு நாள் வேலைக்கு முழுப் பேர், பாதி நாளுக்கு அரைப் பேர். பெரட்டுக்கு வராதவனுக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் எல்லாரும் அதில் வளர்ந்தவர்கள். வேறு முறை எங்களுக்குத் தெரியாது.

மண்டோர் ஒரு நீளப் பலகையை இழைத்து, கரியால் ஆளுக்கு ஒரு வரிசை போட்டார். சபையில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் பேருக்குப் பதில் ஓர் அடையாளம். எனக்கு மண்வெட்டி. கல்யாணமாகாதவனுக்குச் சைக்கிள். அவருக்குச் சுத்தியல். முழு நாளுக்கு நீளக் கோடு, அரை நாளுக்குக் குட்டைக் கோடு, இரண்டு குட்டை ஒரு நீளம். நாற்பது நீளக் கோடு ஆனவர்களைத்தான் ஞானஸ்நானத்துக்கும் சபையில் சேர்ப்பதற்கும் போதகரிடம் சொல்வேன் என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது.

என் மனைவி கேட்டதைச் சொன்னதும் மண்டோர் தலையைச் சொறிந்தார். அவர் கெட்ட மனுஷர் அல்ல. தன் கோழி இட்ட முட்டையை அவளுக்குக் கொடுத்து அனுப்புவார். ஆனால் முறை முறைதான்.

"பிரஜா உரிமைக்கே எத்தனை வருஷம் இருந்தே, என்ன வேலை செஞ்சேன்னு கேக்குறான் தம்பி. பரலோகத்துக்குச் சும்மாவா உடுவாங்க?"

அந்த வருடம் எங்களில் பலர் பிரஜா உரிமைக்காக ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றோம். அதனால் அவர் சொன்னதும் சரியாகவே பட்டது. அவளால் ஒரு குடம் தூக்க முடியாது. படி இறங்கினால் மூச்சு வாங்கும். அவள் வேலையை நான் செய்கிறேன் என்றேன்.

மண்டோர் முகம் தெளிந்தது. "செய்யி. அவ நெரையை நீ வெட்டுற. தோட்டத்துல நடக்காததா?"

நெரை என்றால் ரப்பர் மர வரிசை. மனைவிக்கு மேலுக்கு முடியாத நாளில் புருஷன் தன் மரங்களில் பால் வெட்டி முடித்து, ஓடிப் போய் அவள் மரங்களையும் வெட்டுவான். பேர் அவளுக்கு விழும். அதை யாரும் தப்பு என்று சொன்னதில்லை.

பலகையில் புது வரிசை போட்டார். அடையாளம் என்ன என்று கேட்டார். ஜன்னல் என்றேன். நாலு கோட்டில் ஒரு கட்டம், நடுவில் ஒரு கம்பி. போட்டார்.

ரோட்டு வேலை மூன்று மணிக்கு முடியும். தார் நாற்றத்தோடு நேராக அங்கே போவேன். வெளிச்சம் இருக்கும் வரை வேலை. ஒரு மாலைக்கு ஒரு குட்டைக் கோடு. என் வரிசை அதற்கு முன்பே நிறைந்திருந்தது. செம்மண் கல் சுமந்து தரை நிரவினேன். தூணுக்குக் குழி வெட்டினேன். கூரைத் தகரம் முழுக்க நான் அடித்தது. அந்தக் கூரை ஒரு மழைக்கும் ஒழுகவில்லை. இதை நான் சொல்லிக்கொள்ளலாம்.

கல்யாணமாகாதவன் சைக்கிளில் போகும்போது நிறுத்திக் கேட்பான், "என்னண்ணே, பரலோகத்துக்கும் ஓவர்டைமா?" நான் ஆணியை வாயில் வைத்திருப்பேன்.

அவளிடம் நான் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. எங்கே போனீர்கள் என்றால் ஜெபவீட்டு வேலை என்பேன். அது உண்மைதான். யார் பேரில் என்று அவள் கேட்கவில்லை. கஞ்சி கொண்டுவரும் மண்டோர் மனைவி சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்தார்.

நடுவில் ஒரு தடவை போதகர் வந்து போனார். ஜன்னல் வரிசை பாதிதான் ஆகியிருந்தது. மண்டோர் அவளைப் பற்றிச் சொல்லவில்லை. பலகை அவர் வீட்டுப் பின்கட்டில் இருந்தது, போதகர் அதைப் பார்த்ததும் இல்லை. இந்தத் தடவை இல்லை என்று அவளிடம் சொன்னேன். சரி என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். கோலாலம்பூருக்கு அனுப்பி அறுக்க வேண்டும் என்றார்கள். திரும்பி வருவாள் என்று டாக்டர் சொல்லவில்லை. வரமாட்டாள் என்றும் சொல்லவில்லை. புதன்கிழமை புறப்பட வேண்டும். போதகர் அதற்கு முந்தின ஞாயிறு வருகிறார். அதைத் தவறவிட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்து. அந்த மூன்று மாதம் அவளுக்கு உண்டா என்று யாருக்கும் தெரியாது. அவள் கேட்டது அந்தத் தண்ணீர் ஒன்றைத்தான். வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

சனிக்கிழமை மாலை மண்டோர் கடைசிக் குட்டைக் கோட்டைப் போட்டார். எண்ணினார். நாற்பது. நான் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை தூறல். சிட்டி அம்மா சாரோங்கும் கெபாயாச் சட்டையுமாகக் குடையோடு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. அக்கம்பக்கத்தில் அவளைத் தொட்டுத் தூக்கியது அவரும் மண்டோர் மனைவியும்தான். அன்று ஒரு பக்கம் சிட்டி அம்மா, ஒரு பக்கம் நான். "பெலான், பெலான்" என்று வழி முழுக்கச் சொன்னார், மெதுவாக, மெதுவாக என்று. ஜெபவீட்டுக்குள் நுழைந்ததும் பெஞ்சில் சிலர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவள் பார்த்தாள். வாசலோரமே இருக்கிறேன் என்றாள். நாற்காலியை அங்கே போட்டேன்.

அவள் ஜெபவீட்டைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். "தகரம் நல்லா உட்காந்திருக்கு" என்றாள்.

ஆராதனை முடிந்தது. ஞானஸ்நானத்துக்கு யாராவது இருக்கிறீர்களா என்று போதகர் கேட்டார். மண்டோர் எழுந்தார். பலகையைத் தூக்கி வந்து முன்சுவரில் சாய்த்தார். ஒரு வருட வேலை அதில் இருந்தது. அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது, அதில் தப்பில்லை.

இது என்ன என்று போதகர் கேட்டார். மண்டோர் ஒவ்வொரு வரிசையாகச் சொன்னார். கடைசியில் எங்கள் வரிசை. "இந்த ஜன்னல் அடையாளம் இந்தப் பொண்ணோடது ஐயா. நாப்பது. ஒண்ணும் குறையில்ல."

போதகர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி மண்டோர் மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "என்னத்தே அது, என்னோடதுன்னு சொல்றாரு?" அவர் குனிந்து சொன்னார். சாயங்காலம் சாயங்காலமாக உன் புருஷன் உன் பேரில் போட்டது, உனக்குத் தெரியாதா என்றார். அவள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் தகரத்தைப் பார்த்தேன்.

"மாமா," என்றாள் மண்டோரிடம், "அந்த வரிசை எனக்கு வேணாம். அழிச்சிடுங்க."

அவளுக்கு விவரம் புரியவில்லை என்று மண்டோர் நினைத்தார். பொறுமையாகத்தான் சொன்னார். "அழிச்சா உனக்கு நேரா ஒண்ணும் இருக்காது தாயி. அப்புறம் ஐயாகிட்ட நான் என்னத்தக் காட்டுறது?"

"ஒண்ணும் இல்லைன்னுதானே மாமா கேட்டேன். இருந்தா எதுக்குக் கேக்குறேன்?"

"அப்ப உன் புருஷன் பட்ட பாடு?"

"அவரு கூரை போட்டாரு. அதுக்குக் கீழதான் எல்லாரும் உட்காந்திருக்கோம். எனக்குன்னு எழுதாதீங்க." இருமல் வந்தது. சிட்டி அம்மா முதுகைத் தடவினார். இருமல் அடங்கியது. பிறகு சொன்னாள், "எனக்காகச் சிலுவையில ஒருத்தரு எல்லா வேலையும் முடிச்சிட்டாருன்னு நீங்கதானே வாராவாரம் அந்தப் பக்கம் படிச்சீங்க. நான் இந்தப் பக்கம் படுத்துக்கிட்டுக் கேட்டேன். அதை நம்பித்தான் வந்திருக்கேன். முடிஞ்ச வேலைக்கு ரெண்டாவது ஆளு எதுக்கு?"

கல்யாணமாகாதவன் பெஞ்சில் இருந்தபடி, அப்படியானால் தான் ஒரு வருடம் மண் சுமந்தது எதற்கு என்று கேட்டான். விளையாட்டாக ஆரம்பித்தான், முடிக்கும்போது விளையாட்டு இல்லை. பின்னால் இன்னொருவர், கட்டிலில் படுத்திருந்தவர்களுக்கும் வெயிலில் நின்றவர்களுக்கும் ஒரே பங்கா என்றார். அது அவளுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. இந்த ஞாயிறும் போய்விடும் என்று நினைத்தேன்.

மண்டோர் விட்டுக்கொடுக்கவில்லை. மறுபடியும் பிரஜா உரிமையைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அதையும் கேட்டேன் மாமா, சுவருக்கு இந்தப் பக்கம்," என்றாள். "அது சர்க்கார் குடுக்குறது. இது அப்பா வீடு. வீட்டுப் பிள்ளைக்கு யாரு பெரட்டு வெக்கிறா?"

மண்டோர் பலகைப் பக்கம் கையை நீட்டினார். அவர் மனைவிதான் பேசினார், தன் இடத்தை விட்டு எழுந்திருக்காமலே. "தோட்டத்தை வித்து வருஷமாச்சு. தொரையும் கப்பலேறிப் போயிட்டாரு. நீங்க இன்னும் பெரட்டுலயே நிக்கிறீங்க. உட்காருங்க."

பெஞ்சுகளில் சிரிப்பு. மண்டோர் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

போதகர் அப்போதுதான் பேசினார். "நான் கேக்க வேண்டிய கேள்விக்கு இவங்க பதில் சொல்லியாச்சு. தண்ணி கொண்டாங்க."

அவள் கையைத் தூக்கினாள், கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல. என்னைப் பார்த்தாள். "நீங்களே அழிங்க."

வெளியே போய்த் தேங்காய் மட்டையைத் தொட்டி நீரில் நனைத்துக்கொண்டு வந்தேன். பலகைக்கு முன்னால் குந்தினேன். எல்லாம் என் சாயங்காலங்கள். எது மழை நாள், எது கல் சுமந்த நாள், எது கூரை ஏறிய நாள் என்று எனக்குத் தெரியும். மனசில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் பொய். தேய்த்தேன். கரி கரைந்து, நான் நிரவிய தரையில் கறுப்பாக ஓடியது. ஜன்னலைத் தேய்க்கப் போனேன்.

"அது இருக்கட்டும்," என்றாள்.

எழுந்து திரும்பினேன். அவள் எலும்பும் தோலுமாக, முதுகை நாற்காலியில் சாய்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. முகத்தில் பயம் இல்லை. இத்தனை பேர் முன்னால் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. என் மனைவி என்று நினைத்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் போட்ட கூரை அன்று எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

போதகர் அவளை எழுந்திருக்க விடவில்லை. அவர்தான் வாசலுக்கு வந்து குனிந்தார். மூன்று தடவை தலையில் தண்ணீர் விட்டார். துண்டை வாயில் வைத்திருந்தவர்களில் ஒரு பெண் எழுந்து வந்து, அந்தத் துண்டாலேயே அவள் தலையைத் துவட்டினாள். சிட்டி அம்மா என் பக்கம் திரும்பி, முடிந்ததா என்று மலாயில் கேட்டார். முடிந்தது என்றேன்.

அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் மண்டோர் தனியாக வேதம் வாசித்தார். வழக்கத்தைவிடச் சத்தமாக வாசித்தார், மெதுவாகவும் வாசித்தார். ஒருவருக்காக வாசிப்பதுபோல இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "இன்னைக்கு ஒரு வரியும் விடல" என்றாள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரி வண்டி வந்தது. போனாள். அறுத்தார்கள். ஒரு பக்கத்து விலா எலும்புகளை எடுத்துவிட்டார்கள். அவள் அங்கே இருக்கும்போதே நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. வார்டு ரேடியோவில் கேட்டாளாம். நான் இங்கே ஊர்வலம் போகும் ரோட்டுக்குத் தார் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தாள். ஒரு தோள் இறங்கிப் போயிருந்தது. ஆனால் நடந்தாள். வந்த முதல் சனிக்கிழமை ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஜெபவீட்டைப் பெருக்கப் போனாள். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

பலகையை அதற்குள் வாசல் பக்கத்துச் சுவரில் வைத்து அடித்திருந்தோம், பலகை ஒன்று குறைந்ததால். மண்டோர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவள் குனிந்து பெருக்குவதைப் பார்த்தார். பழக்கதோஷம், அவர் கை சட்டைப்பையில் கரியைத் தேடியது.

"இப்பவாவது ஒண்ணு போடலாமா தாயி?"

"சொந்த வீட்டைப் பெருக்குறதுக்கு யாராச்சும் பேர் போடுவாங்களா மாமா? காலைத் தூக்குங்க."

மண்டோர் காலைத் தூக்கினார். கரியை வெளியே எறிந்தார். அதற்குப் பிறகு அந்தப் பலகையில் யாருக்கும் கோடு விழவில்லை. அடுத்த தடவை போதகர் வந்தபோது, கோடு குறைவு என்று பின்னால் நின்ற இரண்டு பேரை மண்டோரே கையைப் பிடித்து முன்னால் கூட்டிப் போனார்.

அவள் இருந்த வரை சனிக்கிழமை தவறாமல் பெருக்கினாள். பதினாறு வருடம். மழையானாலும் போவாள். சிட்டி அம்மாவின் குடை கடைசியில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பலகை இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. மற்றவர்கள் வரிசைகள் மங்கியிருக்கின்றன, ஆனால் எண்ணலாம். மண்டோரின் சுத்தியலுக்கு நேரே நூற்றுக்கு மேல் கோடு. என் மண்வெட்டிக்கு நேரே நாற்பது. ஜன்னலுக்கு நேரே, பூஜ்யம்.